நாலு நூல்

ஹெலனுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று கம்பெனியில் எல்லோரும் சொல்வார்கள். அது ஏன் அங்கே வந்து உட்கார்ந்தது என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை. அன்று காலை அவள் மேசைமேல் விபத்து அறிக்கை என்று ஒரு காகிதம் கிடந்தது. சோதனைக்கூட உதவியாளர் ஷர்மிளா பாதுகாப்புக் கதவை மூடாமல், மெஷினை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டினார். விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம். அவ்வளவுதான் விஷயம். கீழே சோதனைக்கூடப் பொறுப்பாளர் கையெழுத்துப் போட ஒரு கோடு. அந்தப் பொறுப்பாளர் ஹெலன்தான்.

இரண்டாம் தடவை படித்தாள். ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்திருக்கிறார்கள் பாவிகள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு பெண்ணின் வாயில் மண்ணைப் போடுவதற்கு எவ்வளவு அழகாக வாக்கியம் அமைக்க வருகிறது இவர்களுக்கு!

ஷர்மிளா ஆலங்காயத்துப் பெண். டிப்ளமா முடித்துவிட்டு ஹெலனிடம் வேலைக்குச் சேர்ந்தவள். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். ஹெலன் வாயிலிருந்து 'சரி' என்ற ஒரு சொல்லைப் பிடுங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. அந்தச் சொல்லை அதிகம் வாங்கியவள் அவள்தான். இப்போது வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். வலது கையில் இரண்டு விரல் நசுங்கி, எலும்பைக் கம்பி வைத்துச் சேர்த்திருக்கிறார்கள். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதக் கடைசியில் முடிகிறது. இந்தக் காகிதத்தில் ஹெலன் கையெழுத்து விழுந்தால் அது புதுப்பிக்கப்படாது. வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், ஆம்பூரில் ஒரு லேப்பில் நடந்தது ராணிப்பேட்டையில் இன்னொரு லேப்பில் மத்தியான டீ வருவதற்குள் தெரிந்துவிடும். கவனமில்லாத பெண் என்று ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் அவளை மெஷின் பக்கம் யார் நிற்க வைப்பார்கள்?

நடந்தது இதுதான். கம்பெனி வழக்கமாக ஷூ செய்யும் கம்பெனி. போன வருஷத்திலிருந்து மின்கம்பத்தில் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் தடித்த தோல் பெல்ட்டும் செய்கிறார்கள். அந்த பெல்ட் ஒன்றரை டன் இழுவை தாங்க வேண்டும். அதைப் பார்க்கச் சோதனைக்கூடத்தில் ஒரு இழுவை மெஷின் இருக்கிறது. கீழே ஒரு கிரிப், மேலே ஒரு கிரிப், இரண்டுக்கும் நடுவில் பெல்ட். மேல் கிரிப்புக்கும் எடையைக் காட்டும் கருவிக்கும் நடுவே இரண்டையும் சேர்க்கிற ஒரு அடாப்டர் உண்டு. கைக்குள் அடங்குகிற உருண்டை இரும்பு, ஒரு முனையில் மரை வெட்டியது. சோதனையின் பாதியில் அந்த மரை பிய்த்துக்கொண்டது. விறைப்பாக இழுபட்டிருந்த பெல்ட் மேல் கிரிப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து அறைந்தது. பெல்ட் எவ்வளவு நீள்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஷர்மிளாவின் கை.

மெஷின் முன்னால் இருக்கிற பாதுகாப்புக் கதவு மூடவில்லை என்பது உண்மைதான். பெல்ட்டுக்கான பெரிய கிரிப்பைப் போட்டால் அந்தக் கதவு மூடாது, கிரிப்பின் கைப்பிடி இடிக்கும். வேறு கிரிப் வேண்டும் என்று ஹெலன் எழுதிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனதுதான் மிச்சம். மூட முடியாத கதவை மூடவில்லை என்று ஒரு குற்றம்! ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமே கோணல், ஆடியவள் காலை உடைத்துக்கொண்டாள், குற்றமும் அவள் தலையிலேயே.

மெஷினோடு வந்த பழைய அடாப்டர் போன மாதம் தேய்ந்துபோயிருந்தது. ஹெலன் படம் போட்டு, அளவெல்லாம் எழுதி, பர்சேஸ் நவநீதனிடம் கொடுத்தாள். அரை இஞ்சு விட்டம், இஞ்சுக்குப் பதிமூன்று மரை, இன்ன வகை இரும்பு என்று எழுதி, 'பதிமூன்று' என்பதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமும் போட்டாள். மெஷின் செய்த கம்பெனியிடமே வாங்கச் சொன்னாள். பிறகு அவளைச் சென்னைக்கு ஒரு பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் இங்கே விபத்து நடந்தது. திரும்பி வந்தவள் நேராகப் போய் உடைந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தாள். சீப்பு மாதிரிப் பல் வைத்த மரை கேஜை அதன்மேல் வைத்தாள். இஞ்சுக்குப் பன்னிரண்டு மரை. அதுவும் முதுகு சீவப்பட்ட மரை. மெஷின் கம்பெனி செய்த சாமானே இல்லை இது.

நவநீதனோடு அவளுக்கு இது முதல் சண்டையும் அல்ல. குடியாத்தத்துக்காரர், வீட்டில் லுங்கித் தறி ஓடுகிறது. ஐம்பது வயசு, சிரித்த முகம், யாரையும் கடிந்து பேசமாட்டார். அதுதான் ஹெலனுக்கு எரிச்சல், திட்டினால் திருப்பித் திட்டவாவது வேண்டாமா ஒரு மனுஷன். முன்பு ஷூவை மடக்கி மடக்கிப் பார்க்கிற மெஷினுக்குப் அதை ஓட்டுகிற பல் வைத்த பெல்ட் வேண்டும் என்றபோது, பல்லுக்குப் பல் இடைவெளி ஒரு மயிரிழை மாறிய பெல்ட்டை வாங்கி வந்தார். பார்வைக்கு அது இதேதான். மாட்டினால் மாட்டவும் மாட்டியது. ஓட ஓட ஒவ்வொரு பல்லாக, குழந்தையின் பால் பல் மாதிரி உதிர்ந்தது. கேட்டதற்கு, பல் பல்லாகத்தானே இருக்கிறது மேடம் என்றார். அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் கேன்டீன்காரரே எட்டிப் பார்த்தார்.

காகிதத்தை எடுத்துக்கொண்டு ஜெனரல் மேனேஜர் லோகநாதன் அறைக்குப் போனாள். லோகநாதன் குரலை உயர்த்தாத மனிதர். எந்தப் பிரச்சினையையும் துணியால் மூடி, மேலே பூ வைத்துவிடுவார். ஹெலன் உடைந்த துண்டையும் கேஜையும் அவர் மேசைமேல் வைத்து, பன்னிரண்டுக்கும் பதிமூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் பி.காம். படித்தவன்மா, எனக்கு இரும்பைப் பற்றி என்ன தெரியும், இரண்டும் ஒன்றுதான் என்று நவநீதன் சொல்கிறாரே என்றார். நாளைக் காலை பெல்ட் வாங்குகிற கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள், விபத்து அறிக்கை முடிந்து கோப்பில் இருக்க வேண்டும், இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்து வந்தால் நல்லது என்றும் சொன்னார். ஷர்மிளாவின் ஆஸ்பத்திரிச் செலவில் குறை வைக்கமாட்டோம் என்று சேர்த்துக்கொண்டார்.

"விரலுக்குச் செலவு பண்ணுவீங்க சார். பேருக்கு யாரு செலவு பண்றது?" என்றாள் ஹெலன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஸ்கூட்டரை எடுத்தாள். ரயில் நிலையத்துக்குப் பின்னால், பிரியாணிக் கடைகளைத் தாண்டிய சந்தில் மஹபூப் பாஷாவின் லேத் பட்டறை. கம்பெனிக்கு வெளியில் செய்யும் சில்லறை இரும்பு வேலையெல்லாம் அங்கேதான் போகும். அடாப்டரை இந்த ஊரில் வேறு யாரும் கடைந்திருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். மத்தியான வெயிலில் சந்து முழுக்கச் சோம்பு, பட்டை வாசனை. அவளுக்குப் பசியே இல்லை. கோபம் வயிற்றை நிரப்பிவிடும் என்பது அவள் பலமுறை கண்ட உண்மை.

பாஷா லேத்தை நிறுத்திவிட்டு, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. உடைந்த துண்டை நீட்டினாள். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, தன் கைவேலைதான் என்று உடனே ஒத்துக்கொண்டார். ஷர்மிளாவுக்கு அடிபட்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. இதனால்தான் என்று எட்டவில்லை. அவர் முகம் வெளுத்ததை ஹெலன் பார்த்தாள். பார்த்தும் விடவில்லை.

படம் வந்ததா என்று கேட்டாள். எந்தப் படமும் வரவில்லை என்றார். நவநீதன் சார் போனில் கூப்பிட்டுச் சொன்னார், அதுதான் செய்தேன் என்றார்.

"இன்னா சொன்னாரு? அவர் வார்த்தையிலயே சொல்லுங்க பாய்."

"நாலு நூல்ல ஒரு அடாப்டர் அர்ஜென்டா வேணும், ரெண்டாப் போட்டுடுன்னாரு. நாலு நூல்னா நம்ம பட்டறையில எப்பவும் போடற மரைதாம்மா. அதைப் போட்டேன்."

ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள். இஞ்சை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு நூல் என்று பெயர். கொத்தனாரிலிருந்து வெல்டர்வரை இந்தப் பக்கம் எல்லோரும் அப்படித்தான் பேசுவார்கள். நாலு நூல் என்றால் அரை இஞ்சு. இந்த ஊர்ப் பட்டறைகளில் நாலு நூல் போல்ட் என்றால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வழங்குகிற பழைய மரை, இஞ்சுக்குப் பன்னிரண்டு. அவளுடைய மெஷின் வேறு நாட்டு மரை, பதிமூன்று. அவள் படத்தில் போட்ட சிவப்பு வட்டம், போனில் இரண்டு சொல்லாகச் சுருங்கி, அந்த இரண்டு சொல்லுக்குள் ஒரு மரை காணாமல் போய்விட்டது.

அப்படியானால் அது உள்ளே ஏறியிருக்கவே கூடாதே என்று கேட்டாள். ஏறவில்லை என்றார் பாஷா. மூன்று சுற்றுக்கு மேல் இறுகி நிற்கிறது என்று உங்கள் பெண்ணே திருப்பி அனுப்பியது. வேறு மரையாக இருக்குமோ என்று நான் போனில் கேட்டேன். நாலு நூல் நாலு நூல்தான், கொஞ்சம் லூஸ் பண்ணிக் கொடு என்று சார் சொன்னார். மரை வெட்டுகிற டையை இறுக்கி இரண்டிலும் இன்னொரு தடவை விட்டேன். அப்புறம் வெண்ணெய் மாதிரி ஏறியதாம்.

வெண்ணெய் மாதிரி ஏறும்தான். முதுகைச் சீவிய மரைக்குக் கடிக்கப் பல் ஏது? ஏறுவது வேறு, பிடிப்பது வேறு. கையால் திருகும்போது உட்கார்ந்த மாதிரி இருக்கும். டன் கணக்கில் இழுக்கும்போது உரிந்துகொண்டு வரும். ஷர்மிளா சரியாகத்தான் திருப்பி அனுப்பியிருக்கிறாள். இறுகுகிறது என்று சொன்னவள் அவள். அவள்மேலேயே கவனக்குறைவு! பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

"சந்தேகம் வந்துச்சு இல்ல? அப்புறம் ஏன் பாய் சீவுனீங்க? ஒரு போன் எனக்குப் போட்டிருந்தா உங்க பட்டறை முழுகியா போயிருக்கும்?"

பாஷா தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனி சொல்வதைச் செய்யாவிட்டால் வேலை அடுத்த சந்துக்குப் போய்விடும் என்றார். அது உண்மை என்பது ஹெலனுக்கும் தெரியும். உண்மை என்பதால் கோபம் இன்னும் ஏறியதே தவிர இறங்கவில்லை. இரண்டாவது அடாப்டர் எங்கே என்று கேட்டாள். எடுத்துப்போக இன்னும் ஆள் வரவில்லை என்று அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். எண்ணெய் பூசி, பளபளவென்று, பார்க்க நகை மாதிரி இருந்தது. அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

கம்பெனிக்கு வந்ததும் லோகநாதனையும் நவநீதனையும் சோதனைக்கூடத்துக்கு வரச் சொன்னாள். ஜெனரல் மேனேஜரை வரச் சொல்கிற அளவுக்கு அவள் பெரிய ஆள் இல்லை. கையெழுத்து வேண்டுமானால் இங்கே வாருங்கள் என்று சொன்னதால் வந்தார். நவநீதன் கூடவே ஸ்டோர் குமாஸ்தாவையும் கூட்டிக்கொண்டு, வழக்கமான சிரிப்போடு வந்தார்.

படம் எங்கே போனது என்று கேட்டாள். பத்திரமாக என் மேசையில்தான் இருக்கிறது மேடம் என்றார். பாஷாவிடம் ஏன் போகவில்லை என்றாள். மெஷின் கம்பெனியிடமிருந்து சாமான் வர மாதக்கணக்காகும், ஆர்டர் நின்றுவிடுமே என்று ஜி.எம். சார் கவலைப்பட்டார், ஒரு நாலு நூல் அடாப்டருக்குப் படம் எதற்கு, போனிலேயே சொல்லிவிட்டேன் என்றார். கூச்சமோ பயமோ இல்லாமல், செய்த நல்ல காரியத்தைச் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்.

நூல் என்பது பருமன் எவ்வளவு என்றுதான் சொல்லும், இஞ்சுக்கு எத்தனை மரை என்று சொல்லாது என்று ஹெலன் விளக்கினாள். அவர் தலையை ஆட்டினார். புரிந்த ஆட்டல் இல்லை. பெண்டாட்டி பேசும்போது ஆட்டுகிற ஆட்டல். ஹெலனுக்குத் தலைக்குள் ரத்தம் கொதித்தது.

"உங்க தறிக்கு அறுபதாம் நம்பர் நூல் கேட்டு, கடைக்காரன் நாப்பதாம் நம்பர் குடுத்தா வாங்கிப்பீங்களா சார்? ரெண்டும் நூல்தானே?"

"அது எப்பிடி மேடம் ஒண்ணாகும்? துணியே கெட்டுடும்."

"இங்க கை கெட்டுடுச்சு சார்."

நவநீதன் சிரிப்பு ஒரு கணம் நின்றது. பிறகு அது வேறு இது வேறு, நூல் வியாபாரம் என்பது தலைமுறை தலைமுறையாகப் பார்ப்பது, இது வெறும் போல்ட் என்று ஏதோ சொன்னார். அந்தப் பெண் வேகமாக ஓட்டியிருக்கும், இல்லாவிட்டால் இரும்பு எப்படிப் பிய்யும் என்றும் சொன்னார். ஹெலன் மெஷின் பக்கம் திரும்பியபோது, குமாஸ்தாவிடம் மெதுவாக, இந்தம்மாவுக்கு மரை கழண்டுபோச்சுப்பா என்றார். மெதுவாகச் சொன்னதாக அவர் நினைப்பு.

"ஆமா சார். கழண்டது மரைதான். என்னோடது இல்ல," என்றாள் ஹெலன்.

குமாஸ்தா தரையைப் பார்த்தான். கைப்பையிலிருந்து இரண்டாவது அடாப்டரை எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். அதே பாஷா, அதே மரை, அதே சீவல். எடை காட்டும் கருவியில் வைத்துத் திருகினாள். வெண்ணெய் மாதிரி ஏறியது. பாருங்க, எப்படி உட்காருது என்று நவநீதன் சந்தோஷமாகச் சொன்னார். பெரிய கிரிப்பை மாட்டி, புது பெல்ட் ஒன்றைப் பூட்டினாள். கதவைச் சாத்திக் காட்டினாள். கைப்பிடியில் இடித்து அது பாதியில் நின்றது. வேகத்தை ஷர்மிளா வைத்த அதே வேகத்தில் வைத்தாள். அது புத்தகத்தில் போட்டிருக்கிற வேகம்தான் என்று லோகநாதனுக்கு எண்ணைக் காட்டினாள். அவர் பார்த்துத் தலையசைத்தார். பிறகு நவநீதன் பக்கம் திரும்பினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றீங்க இல்ல? ஷர்மிளா நின்ன எடத்துல நில்லுங்க சார். நான் ஓட்டுறேன். பெல்ட் முழு எடை தாங்கிடுச்சுன்னா அந்தக் காகிதத்துல இப்பவே கையெழுத்துப் போடறேன்."

அவர் பின்வாங்குவார் என்று ஹெலன் நினைத்தாள். எதையாவது சொல்லிச் சமாளிப்பார், வேலை இருக்கிறது என்பார், முகம் கறுக்கும். அந்தக் கறுத்த முகத்தை லோகநாதன் பார்க்க வேண்டும், அது போதும் என்பதுதான் அவள் கணக்கு. பயந்தவன் பொய்யன் என்று நிரூபித்துவிடலாம்.

நவநீதன் பின்வாங்கவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் குமாஸ்தாவிடம் கொடுத்துவிட்டு, மெஷின் முன்னால் போய் நின்றார்.

"இங்கதானே நின்னுச்சு? கைய எங்க வச்சிருந்துச்சு மேடம்?"

ஸ்கேல் பிடித்தபடி, இந்த இடத்தில் என்று ஹெலன் காட்டினாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. அவர் ஸ்கேலை வாங்கி, வலது கையை பெல்ட்டுக்குப் பக்கத்தில் சரியாக வைத்துக்கொண்டு, ஓட்டுங்க என்றார். சிரித்த முகம் மாறவில்லை. முழுக்கைச் சட்டை, மோதிரம் போட்ட விரல்.

பச்சைப் பொத்தான்மேல் ஹெலனின் கட்டை விரல் இருந்தது. அமுக்கினால் அரை நிமிஷம். உள்ளே ஒரு குரல் அமுக்கு என்றது. ஷர்மிளாவின் விரல் கம்பியில் தொங்குகிறது, இவன் மோதிர விரலோடு சிரிக்கிறான், அமுக்குடி என்றது. அந்தக் குரல் பிசாசுடையது என்று பாதிரியார் சொல்வார். இல்லை, அது ஹெலனுடையதேதான்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த மனிதர் பொய் சொல்லவில்லை. நாலு நூல் நாலு நூல்தான் என்று மனசாரப் பூரணமாக நம்புகிறார். நம்பித்தான் வாங்கினார், நம்பித்தான் சீவச் சொன்னார், இப்போது தன் கையையே கொண்டுவந்து வைத்திருக்கிறார். பொய்யனாக இருந்தால் அவளுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! அறியாமை இப்படிச் சிரித்துக்கொண்டு, தைரியமாக, தன் கையையே நீட்டிக்கொண்டு வந்து நின்றால் அதை என்ன செய்வது? அவள் நிமிர்ந்து லோகநாதனைத் தேடினாள். சற்றுமுன் அவள் பக்கத்தில் நின்றவர் அங்கே இல்லை. பின்னால் இருந்த கான்கிரீட் தூணுக்கு அந்தப் பக்கம் போய், முகத்தை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார்.

ஹெலன் பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். நவநீதனின் சட்டையைத் தோளோடு கொத்தாகப் பிடித்து இழுத்தாள். அவர் தடுமாறி மேசையில் மோதினார். இன்னா மேடம் என்று அவர் முதல் தடவையாகக் கோபப்பட்டார். அந்தாண்ட போய் நில்லுங்க என்று கத்தினாள். அவர் கை இருந்த இடத்தில் ஸ்கேலை மட்டும் ஒரு பெட்டிமேல் நிறுத்தி வைத்தாள். எல்லோரையும் சுவரோரம் தள்ளிவிட்டு, தானும் பக்கவாட்டில் ஒதுங்கி, பொத்தானை அமுக்கினாள்.

மெஷின் முனகிக்கொண்டு இழுத்தது. பெல்ட் விறைத்தது. திரையில் எடை ஏறியது. ஒரு டன்னைத் தாண்டும்போது மேலே இருந்து கறுக் என்று ஒரு சத்தம் வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியது. பிறகு கண் இமைக்கும் நேரம்தான். இரும்பு உரிகிற சத்தம், பெல்ட் அறைகிற சத்தம், பெட்டி உடைகிற சத்தம் எல்லாம் ஒன்றாக வந்தன. ஸ்கேல் இரண்டாக முறிந்து, ஒரு பாதி பறந்து போய்ச் சுவரில் சுண்ணாம்பைப் பெயர்த்தது. பெல்ட் நுனியில் கிரிப் ஆடிக்கொண்டே தொங்கியது.

நவநீதன் தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி விரித்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டிருந்தது. அது இல்லாமல் அவரை ஹெலன் பார்த்ததே இல்லை, வயதானவராகத் தெரிந்தார்.

முதலில் பேசியவர் லோகநாதன். தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வழக்கமான மெல்லிய குரலில் சொன்னார். சரி, அந்தப் பெண்மேல் தப்பு இல்லை என்று தெரிகிறது. அறிக்கையை மாற்றிவிடலாம். லேத்துக்காரர் தரக்குறைவாகச் செய்து கொடுத்ததால் விபத்து என்று எழுதிவிடுங்கள், வெளி ஆள், நமக்குச் சிக்கல் இல்லை.

அதுவரை ஹெலனுக்கு வந்ததெல்லாம் கோபமே இல்லை என்று அப்போது தெரிந்தது. இதுதான் கோபம். குரல்கூட உயரவில்லை.

"நீங்க பி.காம். படிச்சவரு. இரும்பு பத்தி ஒண்ணும் தெரியாது. ரெண்டும் ஒண்ணுதான்னு நம்புனீங்க. அப்புறம் ஏன் சார் தூணுக்குப் பின்னால போனீங்க?"

லோகநாதன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். நவநீதன் மெல்லத் தலையைத் திருப்பி, முதலில் தூணைப் பார்த்தார். அப்புறம் லோகநாதனைப் பார்த்தார். அது ஆபத்து என்று தெரிந்துகொண்டே, தன்னை அதன் முன்னால் நிற்கவிட்டு, ஒரு சொல் சொல்லாமல் ஒதுங்கிய மனிதரைப் பார்க்கிற பார்வை. இருபது வருஷமாக அவர் சொன்னதற்கெல்லாம் ஆட்டிய தலை இப்போது ஆடவில்லை.

"பாஷா பேரு வேணாம் சார்," என்றார் நவநீதன். "அவரு கேட்டாரு. நான்தான் ஒண்ணுன்னேன். கதவு மூடாததும் உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கு. நானே கொண்டாந்து குடுத்தேன்."

ஹெலன் பழைய காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். வெள்ளைத் தாளில் கையாலேயே எழுதினாள். படம் பட்டறைக்குப் போகவில்லை; மரை மாறியது; பொருந்தாததைப் பொருந்த வைக்கச் சீவியது; மூடாத கதவை மாற்றித் தரச் சொல்லியும் தரவில்லை; உதவியாளர் ஷர்மிளா அடாப்டர் இறுகுவதை முன்பே தெரிவித்திருந்தார், அவர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அந்தக் கடைசி வரிக்கு நான்கு முறை அடிக்கோடு போட்டாள். தாள் கிழிந்துவிடும் போலிருந்தது. லோகநாதன் படித்தார். படித்து முடித்தும் தாளைக் கீழே வைக்காமல் நின்றார். சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்த இடம் அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. கடைசியில் ஜெனரல் மேனேஜர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வெளியே போனார்.

நவநீதன் பேனாவை வாங்கிக்கொண்டார். தாள்மேல் குனிந்தவர் எழுதாமல் நின்றார்.

"மேடம், ஒண்ணு கேக்கறேன். அமுக்கியிருப்பீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் ஹெலன் வாயெடுத்தாள். அந்தச் சொல் வரவில்லை.

"தெரியல சார்," என்றாள். "கையெழுத்தப் போடுங்க."